கரும்புக்காட்டு மண் ரோட்டுக்குள் ஜிபிஎஸ் ஏன் இழுத்துக்கொண்டு போகிறது?

வேருளம்_பக்கி:

எல்லோருக்கும் வணக்கம். வேருளம், டோங்காட், ஸ்டாங்கர் என்று டர்பனுக்கு வடக்கே பக்கியில் (பின்னால் திறந்த சின்னச் சரக்கு வண்டியில்) சரக்கு ஏற்றி இறக்குவது என் தொழில். முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கும் நேவிகேட்டரைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். போனில் சிக்னல் இல்லாத இடத்திலும் அது வழி சொல்கிறது, அதனால் விட மனசில்லை.

தொல்லை இதுதான். என்2 நெடுஞ்சாலையில் டோங்காட் டோலைத் தவிர்க்கச் சொன்னால் அது என்னை ஆர்102 என்ற தார் ரோட்டில் நேராக விடவேண்டும். பாதி வழியில் கரும்புக்காட்டுக்குள் திருப்பிவிடுகிறது. தோட்டத்துக்காரர்கள் கரும்பு இழுக்கப் போட்டுக்கொண்ட மண் ரோடு அது. மழை பெய்தால் சேறு. வெட்டுக் காலத்தில் எதிரே கரும்பு லோடு வந்துவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது.

எனக்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும். கட்டைவிரல் நகத்தளவு மெமரி கார்டுக்குள் தென்னாப்பிரிக்கா முழுக்க எப்படி அடங்குகிறது? டர்பனிலிருந்து ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) போக ஏறக்குறைய 570 கிலோமீட்டர். அந்த வழியைச் சில நொடியில் சொல்லிவிடும் கருவிக்கு, மண் ரோட்டை மண் ரோடு என்று எப்படித் தெரியாமல் போகிறது?

மிட்ராண்ட்_நிரலாளர்:

அண்ணே, வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்று கண்காணிக்கிற மென்பொருளில்தான் எனக்கு வேலை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கார்டு விஷயம் முதலில்.

கருவிக்குள் படம் என்று எதுவும் இல்லை. திரையில் நீங்கள் பார்ப்பது அந்தந்த நொடியில் வரைந்து காட்டுவது. உள்ளே இருப்பது எண்கள் மட்டும். ரோடுகள் கூடும் சந்திப்பு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள ரோடு ஒரு துண்டு. அந்தத் துண்டின் நீளம், எந்தத் தரத்து ரோடு, எவ்வளவு வேகம் போகலாம், ஒருவழியா, டோல் உண்டா, தார் போட்டதா, எந்த வண்டிக்கு அனுமதி என்பதெல்லாம் சில பிட்டுகளில் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரு குறி) குறித்திருக்கும். வளைவு வருகிற இடத்தில் மட்டும் இடையில் கூடுதல் புள்ளிகள். கரூ வறண்ட வெளியில் நேராகப் போகும் என்1-க்கு ஒரு கிலோமீட்டருக்குத் தேவைப்படும் புள்ளிகளைவிட, டர்பனின் சாட்ஸ்வர்த் மேட்டில் நெளிந்து ஏறும் தெருவுக்கு அதிகம் தேவை.

கார்மின் என்ற நேவிகேட்டர் கம்பெனியின் ஐஎம்ஜி கோப்பு அமைப்பை வெளியாட்கள் பிரித்துப் படித்து நிறைய எழுதியிருக்கிறார்கள், அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பூமியின் 360 பாகையை 24 பிட்டில் எழுதுகிறார்கள். அதாவது 1,67,77,216 படிகள். நிலநடுக்கோட்டில் ஒரு படி சுமார் 2.4 மீட்டர். ரோட்டின் அகலத்தை நினைத்தால் இது போதும். அந்த 24 பிட்டையும் ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதுவதில்லை. வரைபடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, முந்தைய புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி என்கிற வித்தியாசத்தை மட்டும் எழுதினால் மிகக் குறைந்த பிட்டுகளில் முடிந்துவிடும். ஊருக்கு ஊர் இருக்கிற 'மெயின் ரோடு' என்ற பெயரும் அப்படித்தான். பெயர்ப் பட்டியலில் ஒரே முறை இருக்கும். ரோடுகள் அந்தப் பட்டியலில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, அடுக்குகள். நீங்கள் திரையைச் சுருக்கி நாடு முழுவதையும் பார்த்தால் கருவி எல்லாத் தெருவையும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது. பெரிய ரோடுகளும் கடற்கரையும் மட்டும் உள்ள தனி அடுக்கை எடுத்து வரையும்.

இதில் நம் பிரச்சினைக்கு நேரடியாகத் தொடர்புள்ள சமாச்சாரம் ஒன்று உண்டு. வரைவதற்கான வடிவங்கள் ஒரு பகுதி, வழி தேடுவதற்கான சந்திப்புகளின் வலை வேறொரு பகுதி. ஒரு ரோடு திரையில் அழகாகத் தெரியும், வலையில் அது இணைக்கப்படாமலே இருக்கும். அப்படிப்பட்ட ரோட்டில் கருவி உங்களை ஒருநாளும் அனுப்பாது. உங்கள் கரும்பு ரோடு வலைக்குள் வந்துவிட்டது, அதுவும் தவறான விவரத்தோடு.

என்2-வும் என்3-யும் சந்திக்கும் இடத்தை, நாம் ஸ்பகெட்டி ஜங்ஷன் என்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். திரையில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டிக்கொண்டு போகும். வலையில் மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் பொதுவான புள்ளியே கிடையாது. சரிவு ரோடுகள் வந்து சேரும் இடங்களில்தான் புள்ளி இருக்கும். பாலத்தின் நடுவில் "வலப்பக்கம் திரும்புங்கள்" என்று அது சொல்லாமல் இருப்பது இதனால்தான்.

சாட்ஸ்வர்த்_டீச்சர்:

தம்பி, நீங்கள் சொன்ன பெயர்ப் பட்டியலைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2008-ஐ ஒட்டி டர்பனில் தெருக்களுக்குப் பெயர் மாற்றினார்கள். கிரே ஸ்ட்ரீட் டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் ஆனது, பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட் டாக்டர் கூனம் ஸ்ட்ரீட் ஆனது. கூனம் அம்மா நம் இந்தியச் சமூகத்தில் பிறந்தவர், வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிறை போனவர். அவர் பெயரில் ஒரு தெரு இருப்பது எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் வயதானவர்கள் இன்றைக்கும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். என் மகன் வண்டியில் இருந்த கருவியில் பழைய பெயரைத் தட்டினால் வரவில்லை, இன்னொருவர் வண்டியில் புதுப் பெயர் வரவில்லை.

வீட்டு எண்ணும் அப்படியே. சாட்ஸ்வர்த்தில் முன்பு தெருக்களுக்கே எண்தான் இருந்தது, பெயர் பிற்பாடு வந்தது. இத்தனாம் நம்பர் ரோடு, இத்தனாம் நம்பர் வீடு என்று தேடினால் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துகிறது.

மிட்ராண்ட்_நிரலாளர்:

டீச்சர், பெயர் விஷயத்தில் கோப்பு அமைப்பின்மேல் குற்றமில்லை. நான் சொன்ன அமைப்பிலேயே ஒரு ரோட்டுக்கு நான்கு பெயர் வரை கொடுக்கலாம். என்3 என்ற எண், புதுப் பெயர், பழைய பெயர் எல்லாம் ஒரே ரோட்டில் நிற்கும். வரைபடம் தயாரிக்கிறவர்கள் பழைய பெயரையும் விடாமல் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். பெயர் மாறிய ஊருக்கு இதைச் செய்யாமல் விடுவது அலட்சியம் என்றே நான் சொல்வேன்.

வீட்டு எண்ணில் சிக்கல் வேறு. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே பதிந்துவைக்கிற வரைபடங்கள் இப்போது வருகின்றன. பழைய முறையில் ஒரு துண்டின் தொடக்கத்தில் என்ன எண், முடிவில் என்ன எண், ஒற்றைப்படை எந்தப் பக்கம், இரட்டைப்படை எந்தப் பக்கம் என்பது மட்டுமே இருக்கும். 1-இல் தொடங்கி 99-இல் முடியும் துண்டில் 50-ஆம் எண் கேட்டால் கருவி நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். மனைகள் ஒரே அளவாக இருக்கும் தெருவில் சரியாக வரும். ஒரு கோயிலோ பள்ளிக்கூடமோ பாதித் தெருவை எடுத்துக்கொண்டிருந்தால் வராது.

வேருளம்_பக்கி:

ஒட்டுமொத்தமாகப் புரிகிறது. இப்போது வழி பார்க்கும் கணக்கைச் சொல்லுங்கள். எல்லா வழியையும் போட்டுப் பார்த்துவிட்டா சொல்கிறது?

மிட்ராண்ட்_நிரலாளர்:

எல்லா வழியையும் போட்டுப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை அண்ணே. சந்திப்பு கூடக்கூட வழிகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகும்.

1956-இல் டெய்க்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் இதற்கு ஒரு முறை கண்டுபிடித்தார். ஆம்ஸ்டர்டாமில் தாம் மணக்கவிருந்த பெண்ணோடு கடைவீதி சுற்றிவிட்டுக் காபி குடிக்க உட்கார்ந்தபோது, காகிதமும் பென்சிலும் இல்லாமல் 20 நிமிடத்தில் யோசித்தது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1959-இல் அச்சில் வந்தது. ஆர்மாக் என்ற புதுக் கணினியை மக்களுக்குக் காட்டுவதற்காக நெதர்லாந்தின் 64 ஊர்களை வைத்து அதை ஓட்டினார்கள்.

முறை இது. புறப்படும் சந்திப்புக்கு நேரம் 0. அங்கிருந்து நேரே போகக்கூடிய சந்திப்புகளுக்கு எவ்வளவு நேரம் என்று குறி. குறித்தவற்றில் மிகக் குறைந்த நேரம் உள்ளதை எடு. அதற்கு இதைவிடக் குறைவான வழி இனி வரமுடியாது, ஆகவே அதை முடித்துவை. அதிலிருந்து அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு நேரம் குறி. ஏற்கெனவே குறித்திருப்பதைவிடக் குறைவாக வந்தால் மாற்றி எழுது. இலக்கை முடித்துவைக்கும் வரை இதையே செய். தரையில் கொட்டிய தண்ணீர் பள்ளம் பார்த்துப் பரவுவதுபோல, வேகமான ரோடுகள் இருக்கும் பக்கம் தேடல் சீக்கிரம் பரவும்.

அதன் குறை என்னவென்றால் எல்லாத் திசையிலும் பரவும். டர்பனில் தொடங்கி ஜோபர்க் போகக் கேட்டால், போர்ட் ஷெப்ஸ்டன், ரிச்சர்ட்ஸ் பே, கிழக்குக் கேப் ஊர்கள் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் இலக்கை அடையும். சின்னக் கருவியின் செயலிக்கு அது பெரும் பாரம்.

இதைக் குறைக்க 1968-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் ஏ-ஸ்டார் என்ற முறையைக் கொடுத்தார்கள். ஷேக்கி என்ற நகரும் இயந்திரத்துக்கு வழிகாட்ட எழுதியது அது. இதுவரை ஆன நேரத்தோடு, இன்னும் எவ்வளவு மிச்சம் என்ற மதிப்பையும் கூட்டிப் பார்க்கும். மிச்சத்துக்கு நேர்க்கோட்டுத் தூரத்தை நாட்டிலேயே அதிக வேகமான மணிக்கு 120 கிலோமீட்டரால் வகுத்து எடுத்துக்கொள்ளலாம். மதிப்பு நிஜத்தைவிடக் கூடிவிடாமல் இருக்கும் வரை விடை தவறாது. போர்ட் ஷெப்ஸ்டன் எதிர்த்திசையில் இருப்பதால் அதன் முறை வரவே வராது.

மூன்றாவது தந்திரம்தான் பழைய கருவிகளுக்கு உயிர். ரோடுகளுக்குத் தரம் கொடுப்பது. ஐஎம்ஜி அமைப்பில் 0 முதல் 4 வரை ஐந்து தரம். புறப்படும் இடத்தைச் சுற்றியும் சேரும் இடத்தைச் சுற்றியும் எல்லாத் தெருவையும் பார். தள்ளிப் போனதும் பெரிய ரோடுகளை மட்டும் பார். ஹாரிஸ்மித் ஊருக்குள் இருக்கும் சந்துகளை டர்பன்–ஜோபர்க் வழிக்காக யார் ஆராயவேண்டும்?

இப்போது உங்கள் மண் ரோடு. தரம் போலவே வேகத்துக்கும் படிகள் உண்டு, 0 முதல் 7 வரை எட்டு. ரோட்டில் நிஜமாக எவ்வளவு போகமுடியும் என்று கருவிக்குத் தெரியாது. அந்தப் படிதான் அதன் அறிவு. வரைபடம் தயாரித்தவர் சரியாகத் தெரியாத கிராமத்து ரோடுகளுக்கெல்லாம் ஒரே படியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். கணக்கைப் பாருங்கள்: தார் ரோட்டில் 22 கிலோமீட்டர், மணிக்கு 80 என்றால் பதினாறரை நிமிடம். கரும்புக்காட்டுக் குறுக்கு வழி 15 கிலோமீட்டர், அதற்கு மணிக்கு 60 என்று எழுதியிருந்தால் 15 நிமிடம். ஒன்றரை நிமிட லாபத்துக்காக அது உங்களை உள்ளே திருப்பும். நிஜத்தில் அந்த ரோட்டில் 30-க்கு மேல் போகமுடியாது, அரை மணி நேரம் ஆகும். கணக்கு சரியாகத்தான் நடந்திருக்கிறது. அதற்குக் கொடுத்த எண் பொய்.

மாரிட்ஸ்பர்க்_மாணவி:

நான் கணினியியல் படிக்கிறேன். அண்ணா சொன்ன தரம் பிரிக்கும் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறதைச் சொல்லவேண்டும். தள்ளிப் போனதும் சின்ன ரோடுகளைப் பார்ப்பதே இல்லை என்றால், நடுவில் இருக்கும் நல்ல இணைப்பு ரோடு ஒன்று தப்பிப் போகலாம். அப்போது கிடைப்பது ஏறக்குறைய நல்ல வழி, மிகச் சிறந்த வழி என்று உறுதி கிடையாது.

2008-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தில் கைஸ்பெர்கர், சாண்டர்ஸ் குழுவினர் வெளியிட்ட முறையில் அந்தக் குறை இல்லை. வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே வரைபடத்தைப் பக்குவப்படுத்திவிடுகிறார்கள். முக்கியம் குறைந்த சந்திப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அதன் வழியாகப் போன குறைந்த நேரப் பாதை எதுவும் கெடாதபடி இருபுறத்துச் சந்திப்புகளையும் நேரடியாக இணைத்து ஒரு குறுக்குக்கோடு போடுவார்கள். பிறகு வழி கேட்டால் இரு முனையிலிருந்தும் முக்கியம் கூடிய சந்திப்புகளை நோக்கி மேலே ஏறினாலே போதும், நடுவில் சந்தித்துக்கொள்ளும். சுமார் 1.8 கோடி சந்திப்புகள் உள்ள மேற்கு ஐரோப்பிய வலையில் டெய்க்ஸ்ட்ராவுக்குப் பல நொடி ஆகும், இதற்கு ஒரு மில்லிநொடிகூட ஆகாது. விடையும் அதேதான், ஒரு மீட்டர்கூட மாறாது.

பெனோனி_லாரி:

தங்கச்சி, நீ சொல்கிறபடி முன்கூட்டியே கோடு போட்டுவிட்டால் என் மாதிரி ஆட்களுக்கு எப்படி? என்னிடம் கனரக லாரிகள் ஓடுகின்றன. கார் போகும் ரோடு எல்லாம் அதற்கு ஆகாது. பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் 2013-இல் லாரி காம்பிகள்மேல் (ஆள் ஏற்றும் வேன் டாக்சிகள்மேல்) மோதி எத்தனை பேர் செத்தார்கள் என்று ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு அங்கே கனரக லாரிகளுக்குத் தடை. காருக்கான கருவியை வைத்துக்கொண்டு, என்3-இல் மரியன்ஹில் டோலைத் தவிர்க்கச் சொல்லும் புது டிரைவரை அது அந்த இறக்கத்துக்கே அனுப்பும். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. உயிர் போகிற விஷயம்.

மாரிட்ஸ்பர்க்_மாணவி:

நியாயமான கேள்வி அண்ணா. குறுக்குக்கோடுகள் ஒரு குறிப்பிட்ட கணக்குக்காகப் போட்டவை. காருக்குப் போட்டது லாரிக்கு ஆகாது. டோல் வேண்டாம் என்றாலும் வேறு கணக்கு. 2011-இல் டெல்லிங், கோல்ட்பெர்க், பாஜோர், வெர்னெக் ஆகியோர் மைக்ரோசாஃப்டில் செய்த வேலை இதைத்தான் தீர்க்கிறது. வலையை வட்டாரங்களாகப் பிரிப்பதை ஒருமுறை செய்துவிட்டு, அதன்மேல் நேரம், டோல், லாரி உயரம், எடை என்று எந்தக் கணக்கையும் விரைவாக ஏற்றிக்கொள்ளலாம். போக்குவரத்து நெரிசல் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதைச் சமாளிப்பதும் அப்படித்தான்.

கண்ணாடியில் ஒட்டும் லாரிக் கருவிகளில் வண்டியின் உயரம், எடை, அச்சு எண்ணிக்கை கேட்பார்கள். அதைச் சரியாகப் போடுங்கள். ஆனால் ஃபீல்ட்ஸ் ஹில் தடை அந்த வரைபடத்தில் பதிவாகியிருந்தால்தான் பலன். ரோட்டோரப் பலகையைத்தான் கடைசியில் நம்பவேண்டும்.

கேப்டவுன்_தென்றல்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பார்ல் தாண்டி என்1-இல் ஹியூகனாட் சுரங்கம், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். உள்ளே போனால் செயற்கைக்கோள் சிக்னலே கிடையாது. ஆனாலும் என் காரோடு வந்த கருவி அம்புக்குறியைச் சரியாக நகர்த்திக்கொண்டே போகிறது. என் தம்பி ஒட்டிவைத்திருக்கும் கருவியில் சில சமயம் அம்புக்குறி நின்றுபோகிறது. ஏன் இந்த வித்தியாசம்?

மிட்ராண்ட்_நிரலாளர்:

அக்கா, காரோடு வருகிற கருவிக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்ற துடிப்பும், வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லும் ஜைரோவும் வயர் வழியாகக் கிடைக்கும். ஒட்டுகிற கருவிக்கு அது இல்லை. கடைசியாகத் தெரிந்த வேகத்திலேயே ரோட்டோடு நகர்வதாக வைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும்.

சொல்லப்போனால் ஜிபிஎஸ்-க்கு முன்பே இந்த முறை இருந்தது. 1985-இல் கலிஃபோர்னியாவில் ஈட்டாக் என்ற கம்பெனி விற்ற நேவிகேட்டரில் செயற்கைக்கோளே கிடையாது. சக்கர உணரியும் திசைகாட்டியும்தான். வரைபடம் கேசட் டேப்பில்! சக்கரக் கணக்கில் சேரும் பிழையை, வண்டி திரும்பும்போது அந்தத் திருப்பம் வரைபடத்தில் எந்த ரோட்டோடு பொருந்துகிறது என்று பார்த்துத் திருத்திக்கொண்டது. இன்றைக்கும் எல்லாக் கருவியும் அதைச் செய்கிறது. ஜிபிஎஸ் சொல்லும் இடம் ரோட்டுக்குச் சில மீட்டர் தள்ளித்தான் விழும். போகும் திசை, முன்பு இருந்த துண்டு, இவற்றை வைத்துப் பக்கத்து ரோட்டில் ஒட்டவைக்கும். என்2-வும் ஆர்102-உம் நெருங்கி ஓடும் இடங்களில் சில நேரம் தவறான ரோட்டில் ஒட்டிக்கொண்டு, திடீரென்று வழியை மாற்றுவது இதனால்தான்.

பெனோனி_லாரி:

இவ்வளவு இருந்தும் 2024 செப்டம்பரில் வான் ரீனன்ஸ் பாஸ் மலைக்கணவாயில் பனி கொட்டி என்3 மூடியபோது எங்கள் டிரைவரின் கருவி "நேராகப் போ" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கக் குளிரில் வண்டிக்குள் கிடந்தான்.

மிட்ராண்ட்_நிரலாளர்:

கார்டில் இருப்பது தயாரித்த நாளின் ரோடு, அண்ணே. மூடிய ரோட்டை அது அறிய வெளியிலிருந்து செய்தி வரவேண்டும். போன் வழியாக வரலாம். எஃப்எம் ரேடியோ அலையிலேயே ஆர்டிஎஸ்-டிஎம்சி என்ற முறையில் வருவதும் உண்டு. அந்தச் செய்தி மிகச் சிறியது, நிகழ்வுக்கு ஒரு எண், இடத்துக்கு ஒரு எண், அவ்வளவே. அந்த இட எண் எந்த ரோட்டுத் துண்டு என்கிற அட்டவணை கருவியில் ஏற்கெனவே இருக்கவேண்டும். குளிர்காலத்தில் மலை ஏறும் டிரைவர்கள் கையில் இணைய வசதியுள்ள போனும் கட்டாயம் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. சானி பாஸ் மாதிரி இடங்களில் போனில் சிக்னல் போய்விடும், கார்டுதான் துணை.

வேருளம்_பக்கி:

சரி, என் கரும்பு ரோட்டுக்கு என்ன செய்வது? ஒவ்வொரு தடவையும் அதோடு மல்லுக்கட்ட முடியாது.

மிட்ராண்ட்_நிரலாளர்:

முதலில் அமைப்புகளில் 'மண் ரோடு தவிர்' என்ற விருப்பத்தைப் போடுங்கள். அந்த ரோட்டில் 'தார் இல்லை' என்ற குறி இருந்தால் உடனே தீரும். குறியே இல்லையென்றால் அந்த விருப்பம் உதவாது. அப்போது சில கருவிகளில் குறிப்பிட்ட ரோட்டையோ இடத்தையோ கைப்பட வட்டமிட்டு விலக்கலாம். உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடக் கம்பெனிக்கும் பிழை என்று எழுதுங்கள், ஆனால் திருத்தம் அடுத்த பதிப்பில்தான் வரும்.

நான் செய்வது வேறு. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது இணைய வரைபடத்தில் யாரும் ரோட்டைத் திருத்தலாம். அதிலிருந்து எம்கேஜிமேப் என்ற இலவச மென்பொருளால் கார்மின் கருவிகளுக்கான கோப்பு செய்து கார்டில் போடலாம். மண் ரோடு, தனியார் ரோடு என்று இரண்டு குறியை நாமே போட்டால் வேகப் படியையும் நாமே தீர்மானிக்கலாம். ஒன்றே ஒன்று, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை ஒரே ஓட்டத்தில் செய்யவேண்டும். எல்லையில் இரு கட்டத்தின் சந்திப்புப் புள்ளியும் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் வழி அங்கேயே அறுந்துவிடும்.

சாட்ஸ்வர்த்_டீச்சர்:

தம்பி, அதில் கிரே ஸ்ட்ரீட்டை பழைய பெயராகச் சேர்க்கமுடியுமா?

மிட்ராண்ட்_நிரலாளர்:

முடியும் டீச்சர், பழைய பெயருக்கென்றே தனி இடம் இருக்கிறது. சாட்ஸ்வர்த்தில் எந்த எண் ரோடு இப்போது எந்தப் பெயரில் இருக்கிறது என்று உங்களுக்கு நினைவிருப்பதை எழுதி அனுப்புங்கள், நான் ஏற்றுகிறேன். வேருளம் அண்ணே, நீங்களும் அந்தக் கரும்பு ரோடுகள் ஆர்102-ஐ விட்டுப் பிரியும் இடத்தை அனுப்புங்கள். கேட் இருக்கிறதா, தனியார் பலகை இருக்கிறதா, ஈரத்தில் பக்கி போகுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேறு கம்பெனி வரைபடத்தைப் பார்த்து எழுதக்கூடாது, அதற்கு அனுமதி இல்லை. உங்கள் கண்ணால் பார்த்தது மட்டும்.

வேருளம்_பக்கி:

வெள்ளிக்கிழமை டோங்காட் லோடு இருக்கிறது. போகும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்திக் குறித்துக்கொள்கிறேன்.